வாசகர் கேள்வி – பதில்: ஆகுங் மலையடிவாரத்தில் ஒரு வீடு

பாலித் தீவின் கிழக்கே, கராங்கசெம் மாவட்டத்தில், ஆகுங் எரிமலையின் தெற்குச் சரிவு இறங்கி வரும் பள்ளத்தாக்கில் இருக்கிறது சிடெமென். படிக்கட்டு வயல், உண்டா ஆறு, சொங்கெட் பட்டும் எண்டெக் துணியும் நெய்யும் தறிகள், இவ்வளவுதான் ஊர். 1930களில் ஓவியர் வால்டர் ஸ்பீஸ் பக்கத்து ஊரான இசேயில் குடில் போட்ட நாளிலிருந்தே வெளிநாட்டுக்காரர்களுக்கு இந்தப் பள்ளத்தாக்கின் மேல் ஒரு கண். 'அங்கே போய்க் குடியேறலாமா, நிலம் எடுக்கலாமா' என்று வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

கேள்வி: சிடெமெனில் வயலைப் பார்த்தபடி 6 ஆர் நிலம் வருகிறது. வெளிநாட்டவர் பெயரில் பதிய முடியாது என்பதால் உள்ளூர்க்காரர் ஒருவர் பெயரில் வாங்கி, பணம் என்னுடையது என்று அவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளலாம் என்கிறார் தரகர். செய்யலாமா? ஓர் ஆர் என்பது எவ்வளவு?
— சிங்கப்பூர் வாசகர்

பதில்: அளவை முதலில் முடித்துவிடுவோம். ஓர் ஆர் 100 சதுர மீட்டர்; நம் கணக்கில் ஏறக்குறைய 2.47 சென்ட். உங்கள் 6 ஆர் 15 சென்ட்டுக்குச் சற்றுக் குறைவு. பாலியில் விலை சொல்வதெல்லாம் ஆர் கணக்கில்தான். குத்தகை என்றால் 'ஓர் ஆருக்கு, ஓர் ஆண்டுக்கு' என்று சொல்வார்கள். பேரம் பேசும்போது அந்த 'ஓர் ஆண்டுக்கு' காதில் விழாமல் போய், மலிவு என்று மகிழ்ந்தவர்கள் உண்டு.

தரகர் காட்டும் வழி வேண்டவே வேண்டாம். 1960-ஆம் ஆண்டின் 5-ஆம் எண் நிலச் சட்டப்படி 'ஹாக் மிலிக்' எனும் முழு உடைமை தனிமனிதர்களில் இந்தோனேசியக் குடிமக்களுக்கு மட்டுமே. நேராகவோ சுற்றி வளைத்தோ வெளிநாட்டவர் கைக்கு அந்த உடைமையைக் கொண்டு சேர்க்கும் எந்த ஏற்பாடும் செல்லாது, நிலம் அரசுக்குப் போகும், கொடுத்த பணத்தையும் திருப்பிக் கேட்க முடியாது என்று அதன் 26-ஆவது பிரிவு சொல்கிறது. பணம் யாருடையதாக இருந்தாலும் சான்றிதழில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர் என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் கீழ் நீதிமன்றங்களுக்கு அனுப்பிய சுற்றறிக்கையும் இருக்கிறது. கடன் பத்திரம், பவர், உயில் என்று எத்தனை தாளை அடுக்கினாலும் இந்த இரண்டையும் தாண்ட முடியாது.

பெயர் கொடுப்பவர் ஏமாற்றிவிடுவார் என்பது மட்டுமல்ல இதிலுள்ள ஆபத்து. அவர் தங்கமானவராகவே இருக்கட்டும். இறந்துவிட்டால் பிள்ளைகள் வாரிசு. அவர் வேறு கடனில் மாட்டினால் உங்கள் வீடும் ஜப்தியில் போகும். மணமுறிவு வந்தால் சொத்துப் பிரிவினையில் அதுவும் ஒரு சொத்து.

சட்டம் திறந்து வைத்திருக்கும் வாசல்கள் இரண்டு. ஒன்று 'ஹாக் பக்காய்' எனும் பயன்பாட்டு உரிமை: முதலில் 30 ஆண்டு, பிறகு 20, மறுபடி 30. நிலப் பதிவேட்டிலேயே உங்கள் பெயர் ஏறும். ஆனால் பாலியில் தனி வீட்டை இந்த உரிமையில் எடுக்க வெளிநாட்டவருக்குக் குறைந்தபட்ச விலை வரம்பு 500 கோடி ரூப்பியா என்று 2022-இல் வைத்துவிட்டார்கள். சிடெமென் போன்ற சிற்றூரில் அந்த விலைக்கு வீடு தேடினால்தான் கிடைக்கும். ஆகவே நடைமுறையில் மிஞ்சுவது இரண்டாவது வாசல், 'ஹாக் செவா' எனும் குத்தகை.

கேள்வி: 25 ஆண்டுக் குத்தகைக்குப் பேசி முடித்திருக்கிறோம். ஒப்பந்தத்தில் என்னென்ன இருக்க வேண்டும்? முன்பணம் எப்போது கொடுப்பது?
— கிள்ளான் வாசகர்

பதில்: முன்பணத்துக்கு முன்னால் செய்ய வேண்டியவை நிறைய. நில உரிமையாளரிடம் சான்றிதழின் மூலப்படியைக் காட்டச் சொல்லுங்கள், நகல் போதாது. அதைப் பத்திரம் எழுதும் சட்ட அலுவலரான நோட்டாரிஸ் வழியாக அம்லாபுராவிலுள்ள மாவட்ட நில அலுவலகத்தில் சரிபார்க்க வேண்டும். 'பெங்ஙெசெக்கான்' எனும் இந்தச் சரிபார்ப்புக்கு அரசுக் கட்டணம் 50,000 ரூப்பியா. நிலம் அடகில் இருக்கிறதா, வழக்கில் முடங்கியிருக்கிறதா, எல்லை வரைபடத்தோடு ஒத்துப்போகிறதா என்பது அதில் தெரியும். உங்கள் நோட்டாரிஸை நீங்களே தேடிக்கொள்ளுங்கள். தரகர் கூட்டிவரும் நோட்டாரிஸ் தரகருடைய ஆள் என்றே வைத்துக்கொள்ளலாம்.

அடுத்து கையெழுத்து. சான்றிதழில் ஒருவர் பெயர் இருந்தாலும் கணவன் மனைவி இருவர் சம்மதமும் வேண்டும். பெயரிலிருப்பவர் இறந்திருந்தால் வாரிசுகள் அத்தனை பேரும் கையெழுத்திட வேண்டும். பாலி மரபில் சொத்து ஆண்வழி போகும் என்பதால் 'அக்காமார் கையெழுத்து எதற்கு' என்று உள்ளூரில் சொல்வார்கள். வாங்கி வைத்துக்கொள்வதில் நட்டமில்லை. வேறு தீவில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் விட்டுப்போவதுதான் பின்னால் வரும் வழக்குகளின் வழக்கமான தொடக்கம்.

ஒப்பந்தம் இந்தோனேசிய மொழியில் இருந்தாக வேண்டும். 2009-ஆம் ஆண்டு 24-ஆம் எண் மொழிச் சட்டம் அப்படிச் சொல்கிறது. பக்கத்தில் உங்களுக்குப் புரியும் மொழியையும் வைத்துக்கொள்ளலாம். இரண்டுக்கும் முரண் வந்தால் எது செல்லும் என்றும் எழுதுங்கள். ஆங்கிலத்தில் மட்டும் எழுதி, அதனாலேயே செல்லாமல் போன ஒப்பந்தங்கள் இருக்கின்றன.

உள்ளே இருக்க வேண்டியவை: நிலத்தின் சான்றிதழ் எண்ணும் அளவும், நாள், மாதம் குறிப்பிட்ட தொடக்கமும் முடிவும், உரிமையாளர் நிலத்தை விற்றாலும் இறந்தாலும் குத்தகை தொடரும் என்ற வாசகம், நீங்கள் இறந்தால் மிச்ச ஆண்டுகள் உங்கள் வாரிசுக்கு என்ற வாசகம், உரிமையாளரைக் கேட்காமலே பிறருக்கு மாற்றித் தரவும் கட்டவும் இடிக்கவும் உங்களுக்குள்ள உரிமை, குத்தகைக் காலத்தில் நிலத்தை அடகு வைக்க மாட்டேன் என்ற உறுதி. விற்றாலும் குத்தகை முறியாது என்று உரிமையியல் சட்டத்தின் 1576-ஆவது பிரிவே சொல்கிறது, ஆனாலும் எழுதுங்கள். வழக்கமான குத்தகை நிலப் பதிவேட்டில் ஏறுவதில்லை என்பது இதன் பெரிய ஓட்டை. அதனால்தான் சான்றிதழ் மூலப்படியை நோட்டாரிஸ் பொறுப்பில் வைக்க உரிமையாளரை ஒத்துக்கொள்ளச் செய்வது அவசியம். மூலப்படி இல்லாமல் வங்கி அடகு வாங்காது.

நீட்டிப்பு பற்றிய வரியில் பெரும்பாலானோர் சறுக்குகிறார்கள். 'அன்றைய சந்தை விலையில் நீட்டிக்கலாம்' என்று எழுதியிருந்தால் அது வெறும் உபசாரப் பேச்சு. விலையை இன்றே எண்ணிலோ, தங்கத்தின் எடையிலோ, அரசு உரிமம் பெற்ற மதிப்பீட்டாளர் சொல்லும் தொகையில் இத்தனை விழுக்காடு என்றோ கட்டிவிடுங்கள்.

வரியும் இங்கேதான் வரும். நிலக் குத்தகைக்கு 10 விழுக்காடு வருமான வரி, உரிமையாளர் கட்ட வேண்டியது. ஆனால் கிராமத்தில் எல்லோரும் 'பெர்சி' என்றுதான் விலை சொல்வார்கள். வரி போக கைக்கு வருவது என்று பொருள். அவர் கைக்கு 90 கோடி ரூப்பியா வர வேண்டுமென்றால் ஒப்பந்தத் தொகை 100 கோடியாக இருக்க வேண்டும். அந்த 10 கோடி உங்கள் தலையில். ஒப்பந்தத்தில் தொகையைக் குறைத்துக் காட்டலாம் என்பார்கள். காட்டினால் நாளை வழக்கென்று வரும்போது நீங்கள் கொடுத்ததற்குச் சான்றும் அந்தக் குறைந்த தொகைதான்.

பாதை மறக்கக் கூடாத ஒன்று. சிடெமெனில் பல மனைகளுக்கு வழி அடுத்தவர் வரப்பின் மேல்தான். அந்த அடுத்தவரோடு தனியாக ஒரு வழியுரிமைப் பத்திரம் எழுதுங்கள். கட்டுமான லாரி போக 3 மீட்டர் அகலமாவது வேண்டும். லாரி வராவிட்டால் மணலும் கல்லும் தலைச்சுமையாகத்தான் போகும். அதற்கு 'லாங்சிர்' என்று தனிக் கூலி.

கேள்வி: நிலத்துக்குச் சான்றிதழ் இல்லை, 'பிப்பில்' என்ற பழைய தாள்தான் இருக்கிறது, அதுவே போதும் என்கிறார்கள்.
— ஈப்போ வாசகர்

பதில்: போதாது. பிப்பில் என்பது பழைய நில வரிச் சீட்டு. ஜாவாவில் கிரிக், பெத்தோக் என்பார்கள். அது யார் வரி கட்டினார் என்பதைக் காட்டுமே தவிர, யாருடைய நிலம் என்பதை நிறுவாது. 2021 பிப்ரவரி 2-இல் வந்த 18-ஆம் எண் அரசாணை, இத்தகைய தாள்களோடு இருக்கும் நிலங்களை ஐந்தாண்டுக்குள் பதிந்துவிட வேண்டும் என்றது. அதன் பிறகு அவை உரிமைச் சான்றாகச் செல்லா. பதிவின்போது வழிகாட்டும் குறிப்பாக மட்டுமே இருக்கும்.

உரிமையாளர் முதலில் சான்றிதழ் எடுக்கட்டும், பிறகு பேசலாம் என்று சொல்லிவிடுங்கள். பி.டி.எஸ்.எல். எனும் அரசின் மொத்தப் பதிவுத் திட்டம் ஊருக்கு வரும்போது சேர்ந்தால் ஆயத்தச் செலவுக்கு ஜாவாவிலும் பாலியிலும் 150,000 ரூப்பியா என்று 2017-இல் வரம்பு வைத்திருக்கிறார்கள். இல்லாவிட்டால் தனியே அளந்து பதிய வேண்டும். செலவும் காலமும் கூடும்.

இன்னொன்று, இதைவிட முக்கியம். ஊர்க்குடிகள் வீடு கட்டியிருக்கும் மனைகள் பல 'காராங் தேசா', அதாவது மரபுக் கிராமத்துக்குச் சொந்தமானவை. குடியிருப்பவர் ஊர்க் கடமையும் கோயில் கடமையும் செய்யும்வரை அனுபவிக்கலாம், விற்க முடியாது. 'லாபா புரா' என்றால் கோயில் மானியம். இவை இரண்டிலும் எந்தப் பேச்சும், எந்தத் தாளும் எடுபடாது. மரபுக் கிராமத் தலைவரான பெண்டேசாவிடம் நேரில் போய், 'இது தனியார் நிலந்தானே' என்று கேட்டுவிடுங்கள். அரை மணி நேர வேலை.

கேள்வி: வயல் நடுவே வீடு கட்ட ஆசை. அனுமதி கிடைக்குமா?
— பினாங்கு வாசகர்

பதில்: ஆசைக்குக் குறைவில்லை, வயலுக்குத்தான் குறைவு. பாலியின் நில வரைபடத்தில் மஞ்சள் குடியிருப்பு, இளஞ்சிவப்பு சுற்றுலா, பச்சை வேளாண்மை என்று பேசுவது வழக்கம். பச்சையில் வீட்டுக்குக் கட்டட அனுமதி வராது. 2009-இலேயே நிலையான உணவு வேளாண் நிலம் பற்றிய 41-ஆம் எண் சட்டம் வந்தது. அதற்கு மேல் 'பாதுகாக்கப்பட்ட நெல் வயல்' என்று ஜகார்த்தாவிலிருந்து மத்திய அரசே குறித்துவைத்த பட்டியல் ஒன்றும் உண்டு. உள்ளூர் வரைபடத்தில் மஞ்சளாக இருந்து, அந்தப் பட்டியலில் வயலாக இருந்தாலும் சிக்கல்தான். தரகர் கைப்பேசியில் காட்டும் படத்தை நம்பாமல் மாவட்டப் பொதுப்பணி அலுவலகத்தில் நிலத்தின் இருப்பிடப் புள்ளிகளைக் கொடுத்து நிலப்பயன் தகவல் கடிதம் வாங்குங்கள். அதன் பெயர் 'இன்ஃபோர்மாசி தாதா ருவாங்'.

வயலை ஓர் உள்ளூர் நண்பர் வாங்கி வைக்கட்டும் என்று நினைத்தாலும் தடை இருக்கிறது. வேளாண் நிலத்தின் உரிமையாளர் அதே வட்டத்திலோ அதை ஒட்டிய வட்டத்திலோ குடியிருக்க வேண்டும் என்று 1961-இலிருந்தே விதி. பாலியின் தலைநகரான டென்பசாரில் இருப்பவர் சிடெமென் வயலுக்கு உரிமையாளராக இருப்பது அந்த விதிக்கு ஒத்துவராது.

அனுமதிக்கு அப்பால் தண்ணீர் இருக்கிறது. வயல்களுக்கு நீர் பங்கிடுவது சுபாக் எனும் உழவர் அமைப்பு. 2012-இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் ஏறியது இந்தச் சுபாக் முறைதான். அதன் தலைவர் பெக்காசே, நம்மூர் நீர்க்கட்டியைப் போல, ஆனால் அதைவிட அதிகாரம் கூடியவர். மேல்படியில் உங்கள் சுவர் வாய்க்காலின் மேல் அரை அடி ஏறினாலும் கீழ்ப்படி வயல்கள் அத்தனையும் காயும். மனைக்குள் வாய்க்கால் ஓடினால் அதை மூடாதீர்கள், திருப்பாதீர்கள், குழாய்க்குள் விடாதீர்கள். குழாயில் இலையும் வண்டலும் அடைத்துக்கொள்ளும். இரு கரையிலும் ஆள் நடந்து தூர் வார இடம் விடுங்கள். வரைபடத்தைப் பெக்காசேயிடம் காட்டிவிட்டுத்தான் முதல் கடப்பாரை.

கோயில் அருகே தனிக் கணக்கு. பாலியின் தலையாய கோயில்களைச் சுற்றி 5 கி.மீ., அடுத்த நிலைக் கோயில்களுக்கு 2 கி.மீ. என்று 2009-ஆம் ஆண்டு மாகாண விதி புனித வட்டம் வரைந்தது; 2023-இல் அதற்குப் பதில் புதிய விதி வந்திருக்கிறது. உயரம் எங்கும் 15 மீட்டருக்கு மேல் கூடாது; தென்னை மரத்தைத் தாண்டக் கூடாது என்பார்கள்.

கேள்வி: மின்சாரம், தண்ணீர் எப்படி?
— கோயம்புத்தூர் வாசகர்

பதில்: மின்சாரம் பி.எல்.என். எனும் அரசு நிறுவனத்துடையது, பெரும்பாலும் முன்கட்டண மீட்டர். கடையிலோ கைப்பேசியிலோ பணம் கட்டினால் 20 இலக்க எண் வரும். அதை மீட்டர் விசைப்பலகையில் அழுத்த வேண்டும். இருப்பு குறைந்தால் மீட்டர் 'பீப், பீப்' என்று கத்தத் தொடங்கும். இரவு இரண்டு மணிக்கும் கத்தும். பக்கத்து வீட்டு மீட்டர் விடிய விடியக் கத்துவதைக் கேட்டுக்கொண்டு படுத்திருப்பதும் கிராம வாழ்க்கையில் அடக்கம்.

வீடு எடுக்கும்போது கேட்க வேண்டியது 'எத்தனை வி.ஏ.' என்பதை, அதாவது மின் இணைப்பின் திறனை. 900 என்றால் 4 ஆம்பியர், 1300 என்றால் 6, 2200 என்றால் 10, 3500 என்றால் 16. 1300-இல் ஒரு குளிர்சாதனமும் சோறு சமைக்கும் குக்கரும் ஓடும்போது தண்ணீர் மோட்டார் கிளம்பினால் சுவிட்ச் விழும். மோட்டார் கிளம்பும் நொடியில் வழக்கத்தைவிடப் பல மடங்கு மின்சாரம் இழுக்கும் என்பதே காரணம். குடும்பத்துக்கு 2200 வேண்டும், இரண்டு குளிர்சாதனம் என்றால் 3500. கட்டணம் 2022 ஜூலை முதல் 1300-க்கும் 2200-க்கும் யூனிட் 1,444.70 ரூப்பியா, 3500-இலிருந்து 5500 வரை 1,699.53. ஆக 2200-இல் 100,000 ரூப்பியா போட்டால் உள்ளூர் வரி போக 60 யூனிட்டுக்குச் சற்றுக் கூடுதலாக வரும். பழைய வீடுகளில் எர்த் கம்பி வெறும் பேருக்குத்தான் இருக்கும். இடி அதிகமான பள்ளத்தாக்கு, தண்டு அடித்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

தண்ணீர் ஊற்றிலிருந்து குழாயில் வரும். மழைக்கு முந்திய செப்டம்பர், அக்டோபரில் மெலியும். பெருமழைக்குப் பிறகு செம்மண் நிறத்தில் வரும். ஆளுக்கு 150 லிட்டர் என்று நால்வருக்கு நாளுக்கு 600, மூன்று நாள் தாங்க 2,000 லிட்டர் தொட்டி. அதை 4 மீட்டர் உயரத்தில் வைத்தால் அழுத்தம் 0.4 பார்தான் கிடைக்கும். குழாய் உராய்வு போக கேஸ் வெந்நீர்க் கருவி பல நேரம் பற்றாது. சிறு பூஸ்டர் பம்பு வேண்டும். வடிகட்டியில் 5 மைக்ரான் உருளையை நேராகப் போட்டால் முதல் மழையிலேயே அடைக்கும். முன்னால் கழுவக்கூடிய கம்பி வலை வடிகட்டி ஒன்று போடுங்கள். குடிக்க 19 லிட்டர் கேன். சமையல் எரிவாயுவில் பச்சை நிற 3 கிலோ உருளை ஏழைகளுக்கான மானியச் சரக்கு. அதில் கை வைக்காதீர்கள். இளஞ்சிவப்பு 5.5 கிலோ உருளை உங்களுக்கு.

கேள்வி: எரிமலை இவ்வளவு பக்கத்தில் இருக்கிறதே, பயமில்லையா?
— மதுரை வாசகர்

பதில்: பயம் வேண்டும், அளவோடு. சிடெமெனிலிருந்து ஆகுங் உச்சி சுமார் 15 கி.மீ. 1963 வெடிப்பில் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். 2017 செப்டம்பர் 22-இல் எச்சரிக்கை உச்ச நிலைக்கு ஏறியது, 9 கி.மீ. சுற்றும், சில திசைகளில் 12 கி.மீ. வரையும் காலி செய்தார்கள். நவம்பரில் வெடிப்பு தொடங்கி, சாம்பலால் விமான நிலையம் சில நாள் மூடப்பட்டது.

பள்ளத்தாக்கில் வீடு பார்ப்பவர் உச்சியைவிட ஆற்றைப் பார்க்க வேண்டும். சரிவில் தங்கிய சாம்பலை மழை கரைத்து, சிமென்ட் கூழ்போல ஆற்றில் இறக்கும். வெடிப்பு ஓய்ந்து மாதங்கள் கழித்தும் இது வரும். ஆகவே ஆற்றங்கரை மனை எவ்வளவு அழகானாலும் விடுங்கள், மேட்டில் எடுங்கள். 'கே.ஆர்.பி.' எனும் அபாய வரைபடத்தில் மனை எந்த மண்டலத்தில் என்று பாருங்கள்; மூன்றாம் மண்டலம்தான் மிக ஆபத்தானது. எச்சரிக்கை நிலைகளின் பெயர்களை ஏறுவரிசையில் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: நோர்மல், வஸ்பாடா, சியாகா, அவாஸ். 'மக்மா இந்தோனேசியா' செயலியில் அன்றாட நிலை தெரியும். கூரையில் நனைந்த சாம்பல் 1 செ.மீ. தேங்கினால் சதுர மீட்டருக்கு 10 முதல் 20 கிலோ. தட்டையான தளம் வேண்டாம், 30 பாகைக்குக் குறையாத ஓட்டுச் சாய்வு நல்லது.

கேள்வி: கட்டுமானத்தில் எங்கே ஏமாறுவோம்?
— கொழும்பு வாசகர்

பதில்: கம்பியில். '10 மில்லி' என்று விற்பது அளந்தால் 8 சொச்சம் இருக்கும். வியாபாரிகளே அதைப் 'பஞ்சி' கம்பி என்பார்கள். அளவு சரியான கம்பியை 'ஃபுல்' என்று கேட்க வேண்டும். உண்மையான 10 மில்லிக் கம்பி 12 மீட்டர் நீளத்துக்கு 7.4 கிலோ இருக்கும். கட்டிலிருந்து ஒன்றை உருவி எடை போடுங்கள், வெர்னியர் தேவையில்லை. நிலநடுக்கப் பகுதி என்பதால் தூண் வளையங்களின் கொக்கி 135 பாகை உள்பக்கம் மடங்கியிருக்க வேண்டும். 90 பாகையில் மடக்கி விட்டுவிடுவது கொத்தர்களின் பழக்கம். குலுங்கும்போது அது விரிந்துவிடும்.

மணல் நல்ல மணல். தீவெங்கும் கராங்கசெம் எரிமலை மணலைத்தான் தேடுவார்கள். ஆனாலும் லாரிக்கு லாரி மாறும். கண்ணாடிப் பாட்டிலில் பாதி மணலும் தண்ணீருமாகக் குலுக்கி ஒரு நாள் வையுங்கள். மேலே படியும் சேற்று அடுக்கு மணல் உயரத்தில் 5 விழுக்காட்டைத் தாண்டினால் திருப்பி அனுப்புங்கள்.

படிக்கட்டு நிலத்தில் பணத்தை விழுங்குவது 'செண்டெரான்' எனும் கல் தடுப்புச் சுவர். மதிப்பீட்டுத் தாளில் இது தனி வரியாக இருக்கிறதா பாருங்கள். பல ஒப்பந்தக்காரர்கள் விட்டுவிட்டுப் பிறகு கேட்பார்கள். சுவர் சாய்வதற்குக் காரணம் பெரும்பாலும் பின்னால் தேங்கும் நீர். ஒன்றரை மீட்டருக்கு ஒன்றாக 2 அங்குலக் குழாய் வையுங்கள். அதன் பின்வாயில் 'இஜுக்' எனும் கறுப்புப் பனைநாரைச் சுருட்டி வைத்தால் மண் வராது, நீர் மட்டும் வடியும். வயலாக இருந்த மண் மேலே சேறு. கெட்டி மண் தட்டும்வரை தோண்டித்தான் அடித்தளம்.

பணத்தை ஐந்து தவணையாகப் பிரித்து, முடிந்த வேலைக்கு மட்டும் கொடுங்கள். கடைசி 5 விழுக்காட்டை ஒரு மழைக்காலம் பார்த்துவிட்டுக் கொடுப்பதாக எழுதுங்கள். கலுங்கான், குனிங்கான் பண்டிகைகள், கோயில் திருநாள், ஊரில் ஒரு தகனச் சடங்கு என்றால் ஆள் வராது. அது சோம்பலன்று, கடமை. ஆறு மாதம் என்றால் ஒன்பது என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஊர்க்காரர்களோடு ஒத்துப்போவது கடினமா? கட்டணம் கேட்பார்களாமே?
— சிரம்பான் வாசகர்

பதில்: பஞ்சார் எனும் ஊர்ப்பகுதிதான் இங்கே எல்லாம். குடிபோன 24 மணி நேரத்துக்குள் தலைவரான கெலியானிடம் கடவுச்சீட்டு நகலோடு போய்ச் சொல்ல வேண்டும். 2019-ஆம் ஆண்டின் 4-ஆம் எண் மாகாண விதி வெளியாரைத் 'தாமியு' என்கிறது. ஊர் எழுத்து விதிப்படி அவர்களிடம் பங்களிப்புத் தொகை வாங்க ஊருக்கு உரிமை உண்டு. தொகை எவ்வளவு, எதற்கு என்று கேட்டு ரசீது வாங்குங்கள், பேரம் பேசாதீர்கள். காவலும் வழியும் அண்டை உறவும் அதிலிருந்துதான் வருகின்றன.

கோயில் திருநாள் 210 நாளுக்கு ஒருமுறை. ஊரில் கோயில்கள் பல என்பதால் சாலை அடைப்பும் பல. மார்ச் வாக்கில் வரும் ஞெப்பி நாளில் 24 மணி நேரம் விளக்கு, வேலை, பயணம், கேளிக்கை நான்கும் இல்லை. விமான நிலையமும் மூடும். கைப்பேசி இணையமும் அடங்கும். மருத்துவ அவசரத்துக்கு ஊர்க்காவலரான பெச்சாலாங்கிடம் சொன்னால் வழி விடுவார்கள். சேவல் அதிகாலை மூன்றுக்கே கூவும். கமெலான் இசைக்குழு ஒத்திகை இரவு பத்து வரை நடக்கும். இதைக் குறையாக நினைப்பவர் வேறு இடம் பார்ப்பது இருவருக்கும் நல்லது.

கேள்வி: வீட்டைச் சுற்றுலாப் பயணிகளுக்கு விட்டால் போட்ட பணம் வந்துவிடும் என்கிறார்கள். விசா எது எடுப்பது?
— சென்னை வாசகர்

பதில்: சொல்பவர் யார் என்று பாருங்கள், விற்பவராக இருப்பார். குத்தகை வீடு நாள்தோறும் கரையும் சொத்து. 25 ஆண்டுக் குத்தகையில் ஆண்டுக்கு 4 விழுக்காடு காலம் தீர்கிறது. பதினைந்தாம் ஆண்டில் விற்கப் போனால் வாங்குபவருக்கு மிஞ்சுவது 10 ஆண்டு. அவர் அதற்குத்தான் விலை தருவார். உங்கள் கணக்கில் கடைசியில் விற்றால் கிடைக்கும் விலையைச் சுழியம் என்று வைத்து, இடைப்பட்ட வாடகையில் மட்டும் பணம் திரும்புமா என்று பாருங்கள். விமான நிலையத்திலிருந்து சுமார் இரண்டு மணி நேரம் வளைந்து வரும் ஊர் இது. வருகிறவர்கள் ஓரிரு இரவு தங்கிப் போய்விடுவார்கள். மழைக்காலத்தில் அதுவும் குறையும்.

உரிமமும் தடை. வருகை விசாவிலோ ஓய்வுக்கால அனுமதியிலோ இருந்துகொண்டு வாடகைத் தொழில் நடத்தினால் 2011-ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டப்படி குற்றம், நாடு கடத்துவார்கள். அயல்நாட்டு முதலீட்டு நிறுவனம் என்றால் நிலம், கட்டடம் நீங்கலாக 1,000 கோடி ரூப்பியாவுக்கு மேல் முதலீட்டுத் திட்டம் காட்ட வேண்டும் என்பது பொதுவிதி. ஒரு வீட்டுக்கு அது யானையைக் கொண்டு எலி பிடிப்பது.

பார்த்துவர, இந்தியக் கடவுச்சீட்டுக்கு வந்திறங்கும் விசா 30 நாள், 500,000 ரூப்பியா, ஒருமுறை இன்னொரு 30 நாள் நீட்டலாம். மலேசியர், சிங்கப்பூரர் 30 நாள் விசா இல்லாமல் வரலாம், நீட்ட முடியாது. 2024 பிப்ரவரி 14 முதல் பாலிக்கு வரும் வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணிகளுக்கு 150,000 ரூப்பியா வரி உண்டு. எங்கள் யோசனை: குத்தகைக்கு முன் நவம்பரிலிருந்து மார்ச் வரையான மழையில், விசாவுக்கேற்ப இரண்டு தவணையாகவாவது, அதே ஊரில் வாடகைக்குத் தங்குங்கள். சுவரில் பூஞ்சை எந்தப் பக்கம் ஏறுகிறது, எந்தச் சாலை சரிகிறது, தண்ணீர் எந்த நாளில் நிற்கிறது என்பதை எந்தத் தரகரும் சொல்ல மாட்டார்.

கேள்வி: நாங்கள் சைவம். சமாளிக்கலாமா?
— தஞ்சாவூர் வாசகர்

பதில்: டெம்பே, தாஹு எனும் சோயா உணவுகள், கீரை எல்லாம் விடியற்காலைச் சந்தையில் நிறையக் கிடைக்கும். ஒளிந்திருப்பது தெராசி எனும் இறால் பசை. சம்பலிலும் கீரையிலும் இருக்கும். 'தன்பா தெராசி', அதாவது தெராசி இல்லாமல், என்று சொல்லிப் பழகுங்கள்.

கேள்வி: மருத்துவ வசதி? தெருநாய்கள் அதிகமாமே?
— யாழ்ப்பாணம் வாசகர்

பதில்: ஊரில் புஸ்கெஸ்மாஸ் எனும் ஆரம்ப சுகாதார நிலையம். அதற்கு மேல் செமராபுராவிலோ அம்லாபுராவிலோ உள்ள மாவட்ட மருத்துவமனை. பெரிய நோய்க்கு டென்பசார். இதய நோயாளிகள் இந்தத் தூரத்தை எண்ணிப் பார்த்துவிட்டே முடிவெடுக்க வேண்டும்.

நாய் விஷயத்தில் அலட்சியம் வேண்டாம். 2008 முதல் பாலியில் ரேபிஸ் இருக்கிறது. வரும் முன்பே தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். கடித்தாலோ கீறினாலோ, குட்டியாக இருந்தாலும், உடனே சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே புஸ்கெஸ்மாஸ் போய் 'வி.ஏ.ஆர்.' எனும் ரேபிஸ் தடுப்பூசி இருக்கிறதா என்று கேளுங்கள். ஆழமான கடிக்கு ரேபிஸ் எதிர்ப்புச் சீரமும் வேண்டும். அது எல்லா இடத்திலும் இருக்காது. சீரம் தேடி அடுத்த ஊருக்குப் போக வேண்டியிருந்தாலும் தடுப்பூசியின் முதல் தவணையைப் போட்டுக்கொண்டு கிளம்புங்கள்.